நடவுக்கு வந்தவரை ‘வடக்கன்’ என்று விரட்டும் ஊரில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நாற்றங்கால்

வணக்கம். மன்னார்குடி பக்கம், பாமணியாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு ஊராட்சிக்காகக் கேட்கிறேன். சம்பா நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து வந்த முப்பது பேர் பழைய ரைஸ்மில் கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற போக்கில் ‘டேய் வடக்கா’, ‘பான்பராக்’ என்று கத்திவிட்டுப் போகிறார்கள். கடைத்தெரு டீக்கடையில் இவர்களுக்குப் பேப்பர் கப், பெஞ்சில் உட்காரக் கூடாது. நடவு வேலை கையைவிட்டுப் போகிறது என்று உள்ளூர்ப் பெண்கள் கொதிப்பில் இருக்கிறார்கள். போன வாரம் ‘பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கான்’ என்று ஒரு வாட்ஸ்அப் ஆடியோ வேறு சுற்றியது.

அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டி வாசகர் வட்டம் சார்பில் ஏதாவது செய்யலாம் என்று யோசனை. இப்போதைக்குத் திட்டம்: ஒரு பேச்சாளர், மாணவர்களுக்கு ஓவியப் போட்டி, ஒரு பேனர். கையில் 8,000 ரூபாய். இதனால் ஏதாவது மாறுமா? மாறாது என்றால் அதே காசில் வேறு என்ன செய்யலாம்? இன்னொரு குழப்பமும் உண்டு. இதை இனவெறி என்பதா, கூலிச் சண்டை என்பதா? கூட்டத்தில் அந்த வார்த்தையை எடுத்தாலே ‘எங்களையா வெறியன்ங்கிறே’ என்று மல்லுக்கு நிற்பார்கள்.

பதில்: கடைமடை

ரெண்டும்தான் தோழர். ஆனால் ரெண்டையும் ஒரே வாயில் பேசாதீர்கள். வேலை போன பெண்ணிடம் போய் ‘இனவெறி தவறு’ என்றால் அவருக்கு அது வயிற்றில் அடித்துவிட்டு வாயிலும் அடிப்பது மாதிரி. முதலில் கூலிக் கணக்கைத் திறந்து வையுங்கள். வசவு அதற்கு அடுத்த வேலை.

கணக்கு எங்கே மறைகிறது என்றால், ரெண்டு தரப்பும் ரெண்டு அளவில் பேசுகிறது. வங்கத்து ஆட்களுக்கு ஏஜெண்ட் ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தக் குத்தகை பேசுகிறார். உள்ளூரில் நாள்கூலி, அல்லது ‘மா’ என்ற நில அளவுக்கு இவ்வளவு. ‘அவன் பாதிக் கூலிக்கு வர்றான்’ என்ற பேச்சு இந்தக் குழப்பத்தில்தான் முளைக்கிறது. ஒரு தாளில் இப்படிப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் ஊர் ரேட்டை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஏக்கர் 4,800 என்று வைப்போம். 12 பேர் ஒரு நாளில் 3 ஏக்கர் முடித்தால் 14,400. ஏஜெண்ட் ஏக்கருக்கு 500 எடுத்தால் 1,500 போய் மிச்சம் 12,900. தலைக்கு 1,075. அதில் சாப்பாடும் ரயில் செலவும் கழியும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை 11 மணி நேரம் குனிந்து நிற்பதற்கு, செலவு கழியும் முன்பே மணிக்கு நூறு ரூபாய்கூட வராது. உள்ளூர்ப் பெண்கள் எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். பல ஊர்களில் ரெண்டும் பெரிய வித்தியாசம் இல்லாமல் வந்து நிற்கும்.

அப்படியென்றால் விவசாயி ஏன் வெளியாளைத் தேடுகிறார்? முறை வைத்து விடும் தண்ணீர் வந்து, சேடை ஓட்டிய (வயலைச் சேறாக உழுத) மறுநாளே மொத்த வயலும் நட்டு முடிய வேண்டும் என்பதற்காக. உள்ளூரில் ஒரே வாரத்தில் எல்லாருக்கும் ஆள் வேண்டும், அத்தனை ஆள் இல்லை. பிரச்சினை தேதி நெருக்கடி. அதைக் கூட்டத்தில் விவசாயி வாயாலேயே சொல்ல வையுங்கள்.

அதற்குப் பிறகுதான் பேரம். வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிக்கொள்ள வேண்டியவை: நாற்றுப் பறியும் களையெடுப்பும் உள்ளூர் ஆட்களுக்கு. நடவில் உள்ளூர் செட்டுக்கு முதல் உரிமை. எத்தனை ஏக்கர் அவர்களால் முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மிச்சத்துக்குத்தான் வெளி செட். ஏக்கர் ரேட் இருவருக்கும் ஒன்று. நாற்றுப் பறி அந்த ரேட்டில் சேர்த்தியா, சேராததா என்பதையும் எழுதுங்கள், பாதிச் சண்டை அதில்தான் வரும். கூலி ஒரே களத்துமேட்டில், ஒரே நாள் சாயங்காலம், எல்லார் கண்ணெதிரிலும். ஏஜெண்ட் போனுக்குப் பணம் அனுப்பிவிட்டு உள்ளூர் ஆட்களுக்குச் சனிக்கிழமை கொடுத்தால், யாருக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அந்த இருட்டில் எந்தப் புரளியும் எடுபடும்.

பழசு ஒன்று. 1968 டிசம்பர் 25 கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னால் இருந்தது நெல் கூலி உயர்வுக் கோரிக்கை. கேட்டவர்களை மடக்க வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கியதும் அந்தப் பகையில் ஒரு கண்ணி. இறங்கியவர்களும் தமிழர்தான், கூலிக்காரர்தான். இறக்கியவர் மேல் வர வேண்டிய கோபம் இறங்கியவர் மேல் திரும்புவது டெல்டாவுக்குப் புதிதில்லை. அதே டெல்டாவில் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டிய பி. சீனிவாசராவின் தாய்மொழி கன்னடம். இதையும் கூட்டத்தில் சொல்லலாம், ஒரு வரி போதும்.

பதில்: அரசலாறு

பேச்சாளரையும் பேனரையும் விட்டுவிடுங்கள். ஓவியப் போட்டியில் பிள்ளைகள் கை கோத்து நிற்கும் உலக உருண்டையை வரைவார்கள், பரிசு வாங்குவார்கள், திரும்பும் வழியில் ‘வடக்கா’ என்பார்கள். தெரியாமல் திட்டவில்லை அவர்கள். திட்டினால் சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், அதனால் திட்டுகிறார்கள்.

‘பழகினால் சரியாகிவிடும்’ என்று யாராவது கூட்டத்தில் சொல்வார்கள். பாதிதான் சரி. 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், பழக்கம் வெறுப்பைக் குறைக்க நான்கு நிபந்தனைகளைச் சொன்னார். அந்த இடத்தில் இருவருக்கும் சம நிலை இருக்க வேண்டும். இலக்கு பொதுவாக இருக்க வேண்டும். ஒருவரில்லாமல் மற்றவரால் அதை முடிக்க முடியாத வேலையாக இருக்க வேண்டும். மேலே இருப்பவர்கள், அதாவது தலைவர், தலைமையாசிரியர், நாட்டாமை ஆகியோர் வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். இதற்குச் சாட்சி தேடி அமெரிக்கா போக வேண்டாம். மிராசுதாரும் பண்ணையாளும் தலைமுறை தலைமுறையாகத் தினமும்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். சம நிலை இல்லாத பழக்கம் எத்தனை நூறு வருஷம் ஓடினாலும் ஒன்றும் நகராது.

இதைக் கிரிக்கெட்டில் சோதித்திருக்கிறார்கள். மாட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேசத்தில் பல சாதி இளைஞர்களை வைத்துப் போட்டித் தொடர் நடத்தினார். சில அணிகள் ஒரே சாதி, சில அணிகள் கலப்பு, எல்லாம் குலுக்கல் முறையில். ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மட்டுமே சந்தித்தவர்களிடம் பொதுவாக அது குறைந்தது. நம் ஊர்ப் பொங்கல் டோர்னமென்டை நினைத்துப் பாருங்கள். மேலத்தெரு ஒரு டீம், கீழத்தெரு ஒரு டீம், காலனி ஒரு டீம். நல்லெண்ணத்தோடு காசு வசூலித்துப் பகை வளர்க்கிறோம்.

உங்கள் ஊருக்குக் கிரிக்கெட் வேண்டாம், நேரம் பிடிக்கும். வங்கத்தில் ஃபுட்பால் பைத்தியம் அதிகம். ஏழு பேர் ஆட்டம் வையுங்கள். நான்கு அணி, ஒவ்வொன்றிலும் ஊர்க்காரர் 4, வந்தவர் 3. ஆக 16 பேரும் 12 பேரும். ரெண்டு குடத்தில் தனித்தனியாகச் சீட்டு போட்டுக் குலுக்குங்கள். ஊர்க் குடத்தில் எல்லாத் தெருப் பெயரும் இருக்கிறதா என்று குலுக்கும் முன் பாருங்கள், காலனிப் பையன்கள் பெயர் ‘மறந்துபோவது’ வழக்கம். அணிக்கு ஆற்றுப் பெயர் வையுங்கள்: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு, வெட்டாறு. கட்சிக் கொடி நிறம், சாதிச் சங்க நிறம் எதுவும் பனியனில் வரக் கூடாது. ஒரு பாதி 15 நிமிஷம். பகல் முழுக்கக் குனிந்து நட்டவர்களை அதற்கு மேல் ஓடவிட்டால் தசை பிடித்துக்கொள்ளும். முக்கியமானது: ‘தமிழ்நாடு – வங்காளம்’ என்று மட்டும் ஆட்டம் வைத்துவிடாதீர்கள். பார்க்கிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

ரொம்பவும் எதிர்பார்க்கவும் வேண்டாம். சல்மா மூசா ஈராக்கில் இடம்பெயர்ந்த கிறிஸ்தவ ஆட்டக்காரர்களோடு முஸ்லிம்களை ஒரே அணியில் சேர்த்து நடத்திய ஃபுட்பால் ஆய்வு 2020இல் வந்தது. களத்துக்குள் கிறிஸ்தவ ஆட்டக்காரர்களின் நடத்தை மாறியது. களத்துக்கு வெளியே, அறிமுகமில்லாத முஸ்லிம்களிடம் அந்த அளவுக்கு மாறவில்லை. ஆக, ஞாயிற்றுக்கிழமை பந்து பாஸ் கொடுத்த பையன் திங்கட்கிழமை டீக்கடையில் குரல் கொடுப்பான் என்று நம்பி உட்காராதீர்கள். டீக்கடையை டீக்கடையில்தான் சரிசெய்ய வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு ஜிக்சா முறை. 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகளை முதல்முறை ஒரே வகுப்பில் போட்டு அடிதடியானபோது உளவியலாளர் எலியட் ஆரன்சன் குழு கொண்டுவந்தது. 30 பிள்ளை என்றால் 6 குழு, குழுவுக்கு 5 பேர். பாடத்தை ஐந்தாக வெட்டுங்கள். காவிரிப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு மேட்டூர் அணை, ஜூன் 12 திறப்பு. ஒருவருக்குக் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவது. ஒருவருக்குக் குறுவை, சம்பா, தாளடி. ஒருவருக்கு வடிகால். ஒருவருக்குக் கடைமடையில் கடல்நீர் ஏறுவது. ஒரே பகுதி கிடைத்த ஆறு பேரும் தனியாகக் கூடி 15 நிமிஷம் படித்துத் தெளிய வேண்டும். பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பித் தலைக்கு 5 நிமிஷம் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசியில் 10 நிமிஷப் பரீட்சை, முழுப் பாடத்திலும், தனித்தனியாக. பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் கேட்காவிட்டால் தனக்கு மார்க் போகும் என்பதுதான் சூட்சுமம்.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. கூட்டினால் 50 நிமிஷம், ஒரு பீரியடில் அடங்காது. அவசரப்பட்டு ஆறு பேர் கூடும் கட்டத்தை வெட்டிவிடுவார்கள். அதை வெட்டினால் படிப்பில் தட்டுத்தடுமாறும் பிள்ளை குழு முன் திணறும், ஏற்கெனவே இருக்கிற ஏளனம் கூடும். ரெண்டு பீரியடாகப் பிரியுங்கள். குழுவைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்ள விட்டால் தெருவாரியாக உட்காரும், டீச்சர்தான் பிரிக்க வேண்டும். ‘சாதி பார்க்காம உட்காருங்க’ என்று வாய்விட்டுச் சொல்லவே கூடாது, சொன்ன நொடியில் எல்லாரும் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வாரம் ரெண்டு தடவை, ஆறு வாரமாவது ஓடட்டும். ஒரு நாள் செய்து போட்டோ எடுத்தால் ஓவியப் போட்டிதான்.

யாராவது நீலக்கண், பழுப்புக்கண் விளையாட்டைச் சொல்வார்கள். 1968இல் அயோவாவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை செய்தது. வகுப்பை ரெண்டாகப் பிரித்து ஒரு பாதியை மட்டம்தட்டி, அது எப்படி வலிக்கும் என்று காட்டுவது. நம் பள்ளிகளில் வேண்டாம். தினமும் மட்டம்தட்டப்படும் பிள்ளைக்கு அந்த வலியை வகுப்பில் வைத்து இன்னொரு தடவை காட்டுவதில் என்ன இருக்கிறது?

பதில்: குடமுருட்டி

எதற்கு இவ்வளவு சுற்றி வளைப்பு? முப்பது பேரின் ஆதார் நகலையும் போட்டோவையும் வாங்கி ஸ்டேஷனில் கொடுங்கள். யார் என்ன என்று தெரிந்தால் ஊருக்குப் பயம் தெளியும், பிள்ளை பிடிக்கிறவன் புரளியும் அடங்கும். பாதுகாப்பு இருவருக்கும்தானே.

பதில்: வெட்டாறு

குடமுருட்டி ஐயா, நோக்கம் புரிகிறது. ஆனால் ஊருக்கு வந்த எல்லாரிடமும் வாங்காமல் இவர்களிடம் மட்டும் வாங்கினால், ‘இவங்க சந்தேகப் பேர்வழிங்க’ என்று ஊராட்சியே முத்திரை குத்தியதாகிவிடும். நாமக்கல்லிலிருந்து அறுவடை மெஷினோடு வரும் டிரைவரிடம் யாராவது போட்டோ கேட்கிறோமா? இந்தியாவுக்குள் எங்கும் போய்த் தங்கி வேலை செய்ய அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு உரிமை தருகிறது. விவரம் வேண்டும்தான், ஆனால் வேறு காரணத்துக்கு: பாம்பு கடித்தால், மின்சாரம் தாக்கினால், கூலி வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது. அந்தப் பட்டியல் வேலை கொடுத்த விவசாயியிடமும் ஏஜெண்டிடமும் இருக்கட்டும். கொட்டகைக் கதவில் அவர்கள் இருவர் போன் எண்ணையும் 112, 108ஐயும் தமிழிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டுங்கள். ஊர்க்காரருக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் கூப்பிட வேண்டியதும் அதே எண்தான்.

புரளியைப் பற்றி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளை பிடிக்கிறவர் என்று ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். ‘வடக்கே இருந்து வந்த கும்பல்’ என்றுதான் அப்போது ஆடியோ சுற்றியது. செத்தவர் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த தமிழ் அம்மா. கூட்டத்தில் ஒரே ஒரு சம்பவம் சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள். 2023 மார்ச்சில் நடந்தது இதன் மறுபக்கம். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் அங்கே பரவி, பயந்து ரயிலேறினார்கள். பீகார் அதிகாரிகள் குழுவே இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனது.

‘பார்வேர்ட் பண்ணாதீங்க’ என்று போதிப்பதில் பயன் குறைவு. ஆடியோவாக வந்ததற்கு ஆடியோவாகவே பதில் போக வேண்டும், அதே குரூப்பில், அரை நிமிஷத்துக்குள், பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தெரிந்த குரலில். அங்கன்வாடி டீச்சரோ தலைமையாசிரியரோ பேசலாம். ‘ஸ்டேஷன்ல கேட்டாச்சு, நம்ம பக்கம் அப்படி எந்தப் புகாரும் இல்ல, இன்னிக்கு எல்லாப் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தாச்சு’ என்று, நிஜமாகவே கேட்ட பிறகு, தேதி சொல்லிப் பேச வேண்டும். பொய்யைத் திரும்பச் சொல்லி மறுக்காதீர்கள். பாதி கேட்டவர் காதில் பொய் மட்டும்தான் நிற்கும்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்? பட்டியலினத்தவரைச் சாதிப் பெயர் சொல்லிப் பலர் பார்க்கும் இடத்தில் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நேரடியாக வரும். டிஎஸ்பி தரத்தில் விசாரணை, 60 நாளில் குற்றப்பத்திரிகை, முன்ஜாமீன் கிடையாது. உதவி எண் 14566. வெளிமாநிலத்தாரை மொழி, முகம் சொல்லித் திட்டுவதற்கென்று இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. வடகிழக்கு மாணவர்கள் தாக்கப்பட்டதை அடுத்து 2014இல் பெஸ்பரூவா குழு அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. இப்போது கையில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம். இனம், பிறந்த இடம், மொழி சொல்லிக் குழுக்களுக்குள் பகை மூட்டினால் பிரிவு 196, மூன்று வருஷம் வரை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அதே காரணங்களுக்காகக் கொலை செய்தால் பிரிவு 103(2), ஆயுளோ தூக்கோ. சைக்கிளில் போகும் பையன் கத்துவதற்கு இதில் எதுவும் ஒத்துவராது, இழுக்கவும் கூடாது.

‘இனவெறியா’ என்ற கேள்விக்கு: எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் ‘பிறப்பு வழி’ என்ற காரணமும் இருக்கிறது. சாதியும் அதில் அடங்கும் என்று அதன் குழு 2002இல் சொன்னது, இந்திய அரசு அதை ஏற்கவில்லை. இந்தியா அந்த உடன்படிக்கையை உறுதிசெய்தது 1968 டிசம்பர் 3. வெண்மணி அதற்கு 22 நாள் கழித்து. கூட்டத்தில் ‘இனவெறி’ என்ற வார்த்தை இல்லாமலே வேலையை முடிக்கலாம். ‘ஆள் பார்த்து மாற்றி நடத்துறது’ என்று சொல்லுங்கள், எல்லாருக்கும் புரியும், யாரும் மல்லுக்கு நிற்க மாட்டார்கள்.

நாற்றங்கால்

எல்லாருக்கும் நன்றி. கடைமடை தோழர் சொன்ன தாளைப் போட்டுப் பார்க்கிறோம். டீக்கடையில்தான் சிக்கல். ‘பாக்குப் போட்டுத் துப்புறாங்க, அந்த கிளாஸை அப்புறம் யாரும் தொட மாட்டாங்க, வியாபாரம் போயிடும்’ என்கிறார் கடைக்காரர். அடாவடி ஆள் இல்லை. இன்னொன்று: நீங்கள் எல்லாம் எழுதியதைப் படித்துவிட்டுக் கவனித்ததில், அதே பேப்பர் கப் காலனியிலிருந்து வரும் பெரியவர்களுக்கும் போகிறது. அவர்கள் கேட்காமலேயே.

பதில்: வெட்டாறு

அப்படியென்றால் வங்கத்தார் வந்து உருவான வழக்கம் இல்லை அது. இருந்த வழக்கத்தில் இவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். காலனிக்காரர்களைப் பொறுத்தவரை இது தீண்டாமை, 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்திலேயே குற்றம். கடைக்காரருக்கு அது தெரியும், அதனால்தான் ரெட்டைக் குவளை போய்ப் பேப்பர் கப் வந்தது. கேட்டால் ‘சுத்தம் சார்’ என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் நாளே சட்டத்தைக் காட்டினால் கடையில் பெஞ்சைத் தூக்கிவிட்டு எல்லாரையும் நிற்க வைப்பார், பழி காலனி மேல் விழும். சரக்கைக் கொடுத்துப் பேசுங்கள். மசியாவிட்டால் சட்டம் எங்கேயும் போகவில்லை.

பதில்: பாய்லர்

டீக்கடைக் கணக்கு மட்டும் சொல்கிறேன். விதி ஒன்றுதான். பேப்பர் கப் என்றால் தலைவர், தாசில்தார் வந்தாலும் பேப்பர் கப். கிளாஸ் என்றால் எல்லாருக்கும் கிளாஸ். கேட்கிறவருக்குக் கேட்டது என்று ஒரு சந்து விட்டால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும், ஏனென்றால் காலனிப் பெரியவர் கிளாஸ் கேட்க மாட்டார்.

பேப்பர் கப் கடைக்காரருக்குக் கட்டாது. கப் 80 காசு என்றால்கூட 300 டீக்கு 240 ரூபாய், தினமும். கிளாஸ் 20 ரூபாய் என்று வைத்து 60 கிளாஸ் 1,200, அஞ்சு நாளில் காசு திரும்பும். அறுபதும் புதுசாக, ஒரே மாதிரி, ஒரே நாளில் இறங்க வேண்டும். பழசையும் புதுசையும் கலந்தால் புது கிளாஸ் ஒரு கூட்டத்துக்கு, பழசு ஒரு கூட்டத்துக்கு என்று பிரியும். அடியில் நெயில் பாலிஷ் புள்ளி, விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று அப்பப்போ தூக்கிப் பாருங்கள். அலமாரியில் ரெண்டு தட்டு வேண்டாம், ஒரே தட்டில் கவிழ்க்கட்டும்.

சுத்தம் என்ற வாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரே வாளித் தண்ணீரில் அத்தனை கிளாஸையும் முக்கி எடுக்கிறார்கள், அதில் எந்தச் சாதி எச்சிலும் போகாது. பாய்லரில் வெந்நீர் எப்படியும் இருக்கிறது. ஒரு வாளி சோப்புத் தண்ணி, ஒரு வாளி நல்ல தண்ணி, கடைசியாக வெந்நீர் ஊற்றிக் கவிழ்ப்பது. கழுவுவது கடைப் பையன் வேலை. ‘குடிச்சிட்டு நீயே கழுவி வை’ என்று சிலருக்கு மட்டும் சொல்வதும் அதே பழைய கதைதான். துப்புவதற்கு வாசலில் மணல் போட்ட தகர வாளி ஒன்று வையுங்கள், உள்ளூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கும் அதுதான். பெஞ்ச் இன்னொன்று வேண்டும், இடம் பத்தாது என்ற சாக்கு இருக்கக் கூடாது. கிளாஸ், ரெண்டு வாளி, பெஞ்ச் எல்லாம் சேர்த்து உங்கள் 8,000இல் பாதிக்குள் அடங்கும். மிச்சத்தில் பந்து, பனியன்.

மாறிவிட்டதா என்று பார்க்க விடிகாலை 6 மணிக்குப் போங்கள், நடவுக்குப் போகிறவர்கள் குடிக்கும் நேரம். கிளாஸைக் கையில் கொடுக்கிறாரா, மேடையில் வைத்து எடுத்துக்கச் சொல்கிறாரா? காசைக் கையில் வாங்குகிறாரா? கப் மாறிய பிறகும் ரொம்ப நாள் மாறாமல் இருப்பது இந்தக் கைதான்.

பதில்: கடைமடை

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. தீர்மானம் போடுவதென்றால் இப்படி எழுதலாம்: ‘இவ்வூராட்சியில் வசிக்கும், தங்கி வேலை செய்யும் எவருக்கும் கடை, முடிதிருத்தகம், குடிநீர்க் குழாய், பொதுப்பாதை ஆகியவற்றில் சாதி, மொழி, பிறந்த ஊர் காரணமாக வேறுபாடு காட்டப்படாது.’ தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு எழுதிக்கொள்வது பல ஊரில் வழக்கம். எழுதி, வாசித்துக் காட்டி, அதற்கு நேர் கீழே கையெழுத்து வாங்குங்கள். அதை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தேதி. அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் திடலில் கணுக்கால் ஆழம் தண்ணி நிற்கும். அதோடு அவர்களில் துர்கா பூஜைக்கு ஊருக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். சீட்டுக் குலுக்கி, பனியன் தைத்துவிட்டு ஆளில்லாமல் நிற்காதீர்கள். முதலில் கொட்டகைக்குப் போய் ‘அப்னார் நாம் கீ’ என்று பெயர் கேட்டுவிட்டு, யார் யார் எந்தத் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஆட்டம் எந்த ஞாயிறு என்பதை அதற்கப்புறம் முடிவு பண்ணலாம்.